ஒரு சனிக்கிழமையை இருட்டறைக்கு ஒதுக்குங்கள்: ராலே வட்டாரத் தமிழ்ப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே,

வணக்கம். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ராலே, கேரி, மோரிஸ்வில், ஏபெக்ஸ் பகுதிகளில் வார இறுதிகளில் நடக்கும் நம் தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் பெற்றோரில் நானும் ஒருத்தி. அடுத்த பருவத்துக்கான அட்டவணையை நீங்கள் வகுக்கும் நேரம் இது என்பதால், அதில் ஒரே ஒரு வகுப்பைப் பள்ளிக் கட்டடத்துக்கு வெளியே, நம் ஊரிலேயே இருக்கும் ஓர் இருட்டறையில் நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ள இந்த மடலை எழுதுகிறேன். தனிமடலாக அனுப்பாமல் எல்லாரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. இது ஒரு பள்ளிக்கு மட்டும் உரிய கோரிக்கை இல்லை. தவிரவும், பெற்றோர் மனம் வைக்காவிட்டால் பொறுப்பாளர்கள் மட்டும் தனியாக நின்று எதையும் நடத்திவிட முடியாது.

நான் சொல்லும் இடம் ப்ளூ ரிட்ஜ் சாலையில் உள்ள வட கரோலினா கலை அருங்காட்சியகத்தின் பூங்காவில் இருக்கிறது. 164 ஏக்கர் பரப்புள்ள அந்தப் பூங்காவுக்கு நம்மில் பலர் போயிருப்போம். புல்வெளியில் செம்மண் நிறத்தில் நிற்கும் மூன்று பெரிய வளையங்களுக்கு முன்னால் குடும்பத்தோடு நின்று படம் எடுக்காதவர்கள் நம் வட்டாரத்தில் குறைவு. அதே பூங்காவின் மரங்களுக்கு நடுவே போகும் நடைபாதையை ஒட்டி, கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பி, மரத்தால் கூரை வேய்ந்து, அதன்மேல் புல்தரை போர்த்திய ஒரு சிறு குடில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் கிழங்கு சேமித்துவைக்கும் நிலவறை போலத் தெரியும். ஓடுகிறவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்துவிடுவார்கள். ‘மரங்களுக்கும் வானுக்குமான மேக அறை’ என்பது அதன் பெயர். கிறிஸ் ட்ரூரி என்ற பிரித்தானியக் கலைஞர் 2003-இல் அதை அமைத்தார். கல், மரக்கொம்பு, மண், புல் என்று நிலத்தில் கிடைப்பவற்றைக் கொண்டே வேலை செய்கிறவர் அவர். வேறு இடங்களிலும் இத்தகைய அறைகளைக் கட்டியிருக்கிறார். அவர் 1948-இல் கொழும்பில் பிறந்தவர் என்ற செய்தி, இலங்கையிலிருந்து வந்து இங்கே குடியேறிய நம் நண்பர்களுக்கு அந்தக் குடிலின்மேல் ஒரு சிறு உரிமையைக்கூடத் தரலாம்.

அந்தக் குடிலுக்குள் ஓவியம் கிடையாது, சிற்பம் கிடையாது, விளக்கும் கிடையாது. சிறிய மரக்கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டால் இருட்டு, கூரையில் ஒரு துளை, அவ்வளவுதான். வெளியே மரங்களிலிருந்தும் வானத்திலிருந்தும் வரும் வெளிச்சம் அந்தத் துளை வழியாக நுழைந்து, தரையிலும் சுவரிலும் அவற்றின் படத்தைத் தலைகீழாக விழச்செய்கிறது. கேமரா அப்ஸ்கியூரா என்று உலகெங்கும் சொல்லப்படும் ஏற்பாடு இதுதான். மின்சாரம் வேண்டாம், வில்லை (லென்ஸ்) வேண்டாம், பராமரிக்க ஆள்கூட அதிகம் வேண்டாம். சூரியன் இருக்கும்வரை அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

நான் முதன்முறையாக அதற்குள் போனது இலையெல்லாம் உதிர்ந்திருந்த ஒரு பிப்ரவரிப் பிற்பகலில். கதவைச் சாத்தியதும் என் கையே எனக்குத் தெரியவில்லை. சற்று நேரம் கழித்துத் தரை மெல்ல வெளிறியது. அதன்மேல் கறை படிந்திருப்பதாகத்தான் முதலில் நினைத்தேன். அந்தக் கறைகள் அசைந்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. வெளியே காற்று வீசிக் கிளைகளை ஆட்டியிருக்கிறது. அந்த ஆட்டம் சத்தமே இல்லாமல் என் காலடியில் நடந்துகொண்டிருந்தது. கண் பழகப் பழகக் கறைகள் கிளைகளாகவும், கிளைகள் சுள்ளிகளாகவும் பிரிந்தன. சுவரில் மரங்கள் மேலிருந்து கீழாக இறங்கி வந்து, அவற்றின் உச்சிகள் தரையின் நடுப்பகுதியை நோக்கிக் கூடியிருந்தன. நடுவில் வானம் கிடந்தது. அந்த வானத்தின் குறுக்கே, சிறகு நுனிகளை விரல்களாக விரித்துக்கொண்டு ஒரு கழுகு வட்டமிட்டு, என் காலணியின்மேல் ஏறி இறங்கிப் போனது. உள்ளங்கையை நீட்டினேன், அதில் ஒரு கிளை விழுந்தது. கையைத் துளைக்குப் பக்கமாக உயர்த்த உயர்த்த, அந்தக் கிளை சிறுத்துக்கொண்டும் பிரகாசமாகிக்கொண்டும் வந்தது.

இன்னொன்றையும் அப்போது கவனித்தேன். உள்ளே போவதற்கு முன் வானில் மேகங்கள் மேற்கிலிருந்து கிழக்கே போய்க்கொண்டிருந்தன. தரையில் அவை கிழக்கிலிருந்து மேற்கே ஊர்ந்தன. ஒளி நேர்கோட்டில் போகிறது என்ற ஒரே விதியிலிருந்து இது வருகிறது. கிழக்குப் பக்கத்து மரத்திலிருந்து கிளம்பும் கதிர், துளையைக் கடந்தபின் மேற்குப் பக்கத்துத் தரையில்தான் விழ முடியும். உயரத்திலிருந்து வருவது தரையின் நடுப்பக்கம் விழும். தாழ்வாக வருவது சுவரில் ஏறும். அதனால்தான் மரம் தலைகீழாகத் தொங்குகிறது. துளையை எடுத்துவிட்டுக் கூரையையே திறந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு கிளையின் படமும் அப்போதும் தரையில் விழத்தான் செய்யும். எல்லாப் படங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து வெறும் வெளிச்சமாகிவிடும். துளை எதையும் புதிதாக உண்டாக்குவதில்லை. வேண்டாத கதிர்களைத் தடுத்து நிறுத்துவது மட்டுமே அதன் வேலை. இதைப் புத்தகத்தில் படிப்பது ஒரு விதம். அந்தப் படத்தின்மேல் நின்றுகொண்டு புரிந்துகொள்வது முற்றிலும் வேறு விதம்.

நம்மில் பலர் பொறியியல் படித்துவிட்டு ஆர்.டி.பி. என்னும் ரிசர்ச் டிரையாங்கிள் பார்க்கின் நிறுவனங்களில் வேலை பார்க்கிறவர்கள். ஊசித்துளைக் காமிரா நமக்குப் புதிதில்லை. இடப்பக்கம் ஒரு மெழுகுவத்தி, வலப்பக்கம் ஒரு பெட்டி, நடுவில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொள்ளும் இரண்டு கோடுகள். அம்புக்குறியை மறந்தால் மதிப்பெண் போய்விடும். ‘தலைகீழான, மெய் பிம்பம் கிடைக்கிறது’ என்று முடித்து, அடியில் பென்சிலால் கோடு போட்டு, அடுத்த கேள்விக்குப் போய்விட்டோம். அந்தப் படத்தைப் பிழையில்லாமல் வரைந்த நாம் அந்தப் பெட்டிக்குள் ஒருநாளும் போனதில்லை. போக முடியும் என்று யாரும் நமக்குச் சொன்னதும் இல்லை. ட்ரூரி கட்டியது மனிதர்கள் உள்ளே போகக்கூடிய அந்தப் பெட்டியைத்தான். நம் பிள்ளைகளும் இங்கே பள்ளியில் ஒளியைப் பற்றிப் படிக்கிறார்கள். அவர்களும் பயிற்சித்தாளில் அதே இரண்டு கோடுகளை வரைந்துகொண்டிருக்கிறார்கள். குமானுக்கும் ரோபாட்டிக்ஸுக்கும் அபாகஸுக்கும் காரோட்டும் நம்மால், பத்துப் பதினைந்து மைல் தொலைவில் இலவசமாகக் கிடைக்கும் இந்தப் பாடத்துக்குக் காரோட்ட முடியாதா என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

ஆனால் வெறுமனே கூட்டிக்கொண்டு போனால் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் உள்ளே உட்கார்ந்திருந்த நேரத்தில் பலமுறை கதவு திறந்தது. எட்டிப் பார்த்தவர்கள் பெரும்பாலும் சொன்னது, உள்ளே ஒன்றுமில்லை என்பதுதான். ஒரு தந்தை கைப்பேசி விளக்கைப் போட்டு நான்கு மூலையும் காட்டிவிட்டு, ‘ஒண்ணும் இல்லடா, வா’ என்று தமிழிலேயே சொல்லி மகனை அழைத்துக்கொண்டு போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பட்டப்பகலில் நடந்து வந்த கண்ணுக்கு அங்கே உண்மையிலேயே ஒன்றும் தெரியாது. நம் விழித்திரையில் இரண்டு வகை உணர்செல்கள் உள்ளன. நிறம் காட்டும் கூம்புச் செல்கள் இருட்டுக்குத் தங்களைப் பழக்கிக்கொள்ள ஏறக்குறைய பத்து நிமிடம் எடுத்துக்கொள்கின்றன. மங்கிய ஒளியைக் காட்டும் கோல் செல்கள் முழுமையாகப் பழக இருபது, முப்பது நிமிடம்கூட ஆகும். அதற்கிடையே ஒரே ஒரு முறை கைப்பேசித் திரை ஒளிர்ந்தால் போதும், பழகியது பெரும்பகுதி வீணாகி மறுபடி தொடங்க வேண்டியதுதான். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கதவு திறக்கும் கூட்டத்தோடு போனால் ஒரு குழந்தைக்கும் எதுவும் தெரியாது. தெரியாததோடு, அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்ற முடிவோடு வீடு திரும்பிவிடும்.

இணையத்தில் இத்தகைய அறைகளின் படங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. தயவுசெய்து அவற்றை முன்கூட்டியே பிள்ளைகளுக்குக் காட்டிவிடாதீர்கள். அந்தப் படங்களில் பல, கேமராவின் கண்ணை நீண்ட நேரம் திறந்துவைத்து எடுத்தவை. அதனால் அவற்றில் நிறம் பளிச்சென்று இருக்கும். மரம் திரைப்படம் ஓடுவதுபோல் தெளிவாகத் தெரியும். நேரில் பார்ப்பது அப்படி இருக்காது. மங்கலாக, ஓரம் சற்றுக் குழைந்து, மேகம் சூரியனை மறைத்தால் மறைந்தும் மேகம் விலகினால் மீண்டும் வந்தும் இருக்கும். படத்தில் இல்லாத ஒன்று நேரில் உண்டு, அது அசைவு. வெளியே அந்த நொடியில் நடப்பதே உள்ளே நடக்கிறது, பதிவு செய்யப்பட்டதோ திரும்ப ஓட்டக்கூடியதோ ஏதும் இல்லை என்பது புரியும்போது பிள்ளைகள் முகம் எப்படி மாறும் என்பதைப் பார்க்க ஆசைப்படுகிறேன். இருட்டில் அது தெரியாது என்பது வேறு விஷயம்.

இந்த வித்தை எவ்வளவு பழையது என்பதையும் ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லலாம். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிவியலாளர் இப்னு அல்-ஹைதம், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, ஓர் இருட்டான இடத்தின் துளைக்கு எதிரே விளக்குகளை வரிசையாக வைத்துச் சோதித்துப் பார்த்தார். உள்ளே ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியாக ஓர் ஒளித்திட்டு விழுந்தது. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய திட்டு மட்டும் மறைந்தது. எல்லா ஒளியும் அந்தச் சின்னத் துளையில் சந்தித்தும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதில்லை என்று அவர் காட்டியது அப்படித்தான். இந்தச் சோதனைக்கு வேண்டியது கார்த்திகை விளக்குகள் சிலவும் நடுவில் துளையிட்ட ஓர் அட்டையும் மட்டுமே. கார்த்திகை தீபத்தை ஒட்டிய வாரத்தில் எந்த வகுப்பிலும் செய்துவிடலாம். எண்ணெய் விளக்கைப் பள்ளிக் கட்டடத்தில் ஏற்ற விட மாட்டார்கள் என்றால் பேட்டரி விளக்குகளே போதும்.

விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஹம்பி வரை போன குடும்பங்கள் நம்மில் உண்டு. விருபாட்சர் கோயிலுக்குள் ஓர் இருண்ட அறையின் சுவரில் அதன் ஒன்பது நிலைக் கிழக்குக் கோபுரம் தலைகீழாக விழுவதை வழிகாட்டிகள் அவர்களுக்குக் காட்டியிருப்பார்கள். அதைப் பலர் ஏதோ சிற்பிகளின் மந்திரம் என்று பேசிக்கொண்டு திரும்பியிருப்பார்கள். அங்கே நடப்பதும் ப்ளூ ரிட்ஜ் சாலைக் குடிலில் நடப்பதும் ஒன்றுதான். இன்னும் பக்கத்து எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், 2017 ஆகஸ்ட் 21 சூரிய கிரகணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ராலேயில் சூரியனின் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பகுதி மறைந்த அன்று, மரத்தடிகளிலும் வாகன நிறுத்தங்களிலும் தரையெங்கும் பிறைகள் சிதறிக் கிடந்ததைப் பார்த்திருப்பீர்கள். இலைகளுக்கு நடுவே உள்ள ஒவ்வோர் இடுக்கும் ஒரு துளை. ஒவ்வொரு பிறையும் சூரியனின் படம். கிரகணம் இல்லாத நாளில் அதே மரத்தடியில் விழுகிற வட்டங்களும் சூரியனின் படங்களே. இரண்டு மீட்டர் உயரத்து இடுக்கிலிருந்து விழும் சூரியவட்டம் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் அகலம் இருக்கும். அவற்றை நாம் பிறந்தது முதல் மிதித்துக்கொண்டு நடக்கிறோம்.

இருட்டறையைப் பாடம் சொல்லும் இடமாக நடத்திக் காட்டிய ஒருவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில், கோட்டைக்குப் போகும் வழியில் ஒரு கோபுரம் இருக்கிறது. அதன் உச்சியில் உள்ள கேமரா அப்ஸ்கியூராவுக்கு வில்லையும் கண்ணாடியும் உண்டு. ஊரின் தெருக்களும் அவற்றில் நடக்கிற மனிதர்களும் இருட்டறைக்குள் ஒரு வெள்ளை மேசையின்மேல் விழுவார்கள். ஒரு காகிதத் துண்டை மேசைக்குமேல் தூக்கிப் பிடித்தால், நடந்துபோகும் ஆளையே தூக்கிவிட்டதுபோல் இருக்கும். 1892-இல் அந்தக் கோபுரத்தை வாங்கிய நகரமைப்பு அறிஞர் பாட்ரிக் கெடிஸ், வருகிறவர்களை முதலில் உச்சிக்கு ஏற்றித் தங்கள் ஊரையே ஒருமுறை பார்க்கவைத்தார். அதன்பின் ஒரு சிறு அறையில் சும்மா உட்காரவைத்தார். பிறகுதான் தளம் தளமாக இறக்கி எடின்பரோ, ஸ்காட்லாந்து, ஐரோப்பா, உலகம் என்று விளக்கினார். முதலில் பார், பிறகு சும்மா இரு, கடைசியில் கேள் என்ற அந்த வரிசையைத்தான் நம் வகுப்புக்கும் கேட்கிறேன். இதே கெடிஸ் 1914-இல் சென்னை மாகாணத்துக்கு வந்து, மதுரையிலும் தஞ்சாவூரிலும் தெருத்தெருவாக நடந்து, வீடுகளை இடித்துத் தள்ளாமல் ஊரைச் சீர்செய்யும் வழிகளைப் பற்றி அறிக்கை எழுதியவர். அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றி வந்த கப்பலை மூழ்கடித்தது, சென்னையைக் குண்டு வீசித் தாக்கிய அதே ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் என்பது இங்கே தேவையில்லாத செய்தி. தெரிந்தபின் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இதற்கும் தமிழ் வகுப்புக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும். நம் பிள்ளைகளின் தமிழ்ப் பாடநூலில் ஏர் வருகிறது, களத்துமேடு வருகிறது, பனைமரம் வருகிறது. அவற்றை அவர்கள் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். பார்க்காத பொருள்களைப் பற்றி மனப்பாடமாகப் பத்து வாக்கியம் ஒப்பிக்கிறார்கள்; கண்ணெதிரே நடப்பதைச் சொல்ல வேண்டி வந்தால் உடனே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார்கள். இருட்டறைக்குள் ஐந்து பிள்ளைகளும் ஓர் ஆசிரியரும் உட்கார்ந்து, ‘உனக்கு இப்ப என்ன தெரியுது?’ என்று ஆசிரியர் கேட்டால், அதற்குப் பதில் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒரு பிள்ளைக்குத் தெரிவது பக்கத்துப் பிள்ளைக்கு இன்னும் தெரிந்திருக்காது. ‘அந்தச் சுவரோரம் பாரு, அசையுது’, ‘எங்கே?’, ‘உன் முட்டிக்குப் பக்கத்துல’ என்று அவர்கள் ஒருவருக்கொருவர் வழிகாட்டியே ஆக வேண்டும். சுட்டிக்காட்டும் விரலும் இருட்டில் தெரியாது. சொல்லித்தான் காட்ட வேண்டும். மேல், கீழ், இடம், வலம், ஓரம், நடு, முன்னே, பின்னே, நிழல், வெளிச்சம், கிளை, மேகம், மங்கல், கருமை என்று இரண்டாம் நிலை வகுப்பிலேயே அவர்கள் கற்ற சொற்கள் எல்லாம் அங்கே உண்மையான வேலைக்கு வரும். பேச்சுப் பயிற்சிக்கு இதைவிட நல்ல அறையை நம்மால் வாடகைக்குப் பிடிக்க முடியாது.

ஊரிலிருந்து ஆறு மாதம் தங்கிப் போக வந்திருக்கும் தாத்தா பாட்டிகளையும் கூடவே அழைத்து வரலாம் என்பது என் ஆசை. வார நாள்களில் வீட்டுக்குள்ளேயே அடைந்திருக்கும் அவர்களுக்கும் ஒரு வெளியூர்ப் பயணம் ஆகும். ஓட்டு வீட்டின் ஓட்டை வழியே அடுப்படிப் புகையில் வெயில் இறங்கிய காலத்தில் வளர்ந்தவர்கள், பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல ஏதாவது வைத்திருப்பார்கள். அதைத் தமிழில்தான் சொல்வார்கள்.

நடைமுறை பற்றி என் யோசனைகள் சிலவற்றை உங்கள் முன் வைக்கிறேன். முழுப் பள்ளியையும் ஒரே நாளில் கொண்டுபோக வேண்டாம். ஒரு வகுப்பு போனால் போதும்; அதையும் நான்கைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒரு குழு உள்ளே இருக்கும்போது மற்றவர்கள் பூங்காவில் வேறு வேலையில் இருக்கட்டும். ஒவ்வொரு குழுவுக்கும் கதவு திறவாமல் குறைந்தது கால் மணி நேரம் வேண்டும். உள்ளே போவதற்கு முன் எல்லாக் கைப்பேசிகளையும் ஒளிரும் கைக்கடிகாரங்களையும், பெற்றோருடையவை உட்பட, ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். அந்தக் குடில் பொதுச்சொத்து. வேறு பார்வையாளர்கள் வந்தால் அவர்களை உள்ளே அழைத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும், நம் கூட்டத்துக்காக வாசலில் நிறுத்திவைக்கக் கூடாது. வெயில் நன்றாக அடிக்கும் நாளாகப் பார்த்துப் போக வேண்டும். மூட்டமான நாளில் போனால் பொறுமைசாலிகளுக்கே அதிகம் தெரியாது. கோடையில் தழை அடர்ந்து வெளிச்சம் குறையும். அக்டோபர் கடைசியிலிருந்து இலை நிறம் மாறும் வாரங்களில் படத்தில் நிறத்தின் சாயல் கிடைக்கலாம். ஜனவரி, பிப்ரவரியில் மொட்டைக் கிளைகள் கோட்டோவியமாக விழும். எனக்குப் பிடித்தது பின்னதுதான். ஒரே வகுப்பை இரண்டு பருவங்களிலும் அழைத்துப்போக முடிந்தால், வித்தியாசத்தைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, போவதற்கு முன் எதையும் விளக்காதீர்கள். கரும்பலகையில் இரண்டு கோடுகளை வரைந்து காட்டிவிட்டுப் போனால், பிள்ளைகள் அந்தக் கோடுகளைச் சரிபார்க்கத்தான் போவார்கள். முதலில் அசைவு தெரியட்டும், அது என்ன என்று அவர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும், வெளியே வந்து நிமிர்ந்து அதே மரத்தைப் பார்க்கட்டும். விளக்கம் அடுத்த வாரம் வகுப்பறையில் வந்தால் போதும்.

அந்த அடுத்த வாரத்துக்குச் செலவில்லாத ஒரு செய்முறையும் இருக்கிறது. வெயில் விழும் மரமோ கட்டடமோ எதிரே தெரியும்படி ஒரு சன்னலைத் தேர்ந்து, மற்ற எல்லாச் சன்னல்களோடு அதையும் கறுப்புக் குப்பைப் பையாலும் அட்டையாலும் இடுக்கில்லாமல் மூடி, நடுவில் ஒரு சென்டிமீட்டர் துளை போட்டால் அந்த அறையே மேக அறை ஆகிவிடும். எதிர்ச்சுவரில் வெள்ளைப் படுக்கைவிரிப்பு ஒன்றைத் தொங்கவிடுங்கள். துளையைச் சமையலறை அலுமினியத் தாளில் போட்டு வைத்தால் அளவை மாற்றி மாற்றிப் பார்க்கலாம்; சிறிதாக்கினால் படம் தெளியும் ஆனால் இருளும், பெரிதாக்கினால் ஒளிரும் ஆனால் குழம்பும். இரண்டும் சேர்ந்து வேண்டுமென்றால் அதற்குத்தான் வில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் படிக்கிற கண்ணாடியில் +1.00 பவர் கொண்டது ஒன்றை வாங்கி, துளையைச் சற்றுப் பெரிதாக்கி அதில் பொருத்துங்கள். அதிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டரில் வெள்ளை அட்டையைப் பிடித்தால், சாலையில் போகும் கார் நிறத்தோடும் கூர்மையோடும் தலைகீழாக ஓடும். தங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியின் கேமராவும் இதே இருட்டறைதான், சுவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சில்லு இருக்கிறது என்று அப்போது சொன்னால் பிள்ளைகளுக்கு விளங்கும். வாடகைக் கட்டடத்தில் இதற்கு அனுமதி கிடைக்காவிட்டால் என் வீட்டு முன்னறையைத் தரத் தயாராக இருக்கிறேன். வகுப்புவாரியாக வந்து போகலாம்.

எதிர்பார்க்கக்கூடிய மறுப்புகளை நானும் யோசிக்காமல் இல்லை. இருட்டைக் கண்டு பயப்படும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் கதவருகில் பெற்றோர் மடியில் உட்காரட்டும், இல்லையென்றால் வராமலே இருக்கட்டும், கட்டாயம் ஏதுமில்லை. உள்ளே சிலந்தியோ பூச்சியோ இருக்கலாம். அது காட்டுக்குள் இருக்கும் மண் குடில். பாடநாள்கள் ஏற்கெனவே குறைவு, தேர்வுக்கான பகுதிகளை முடிக்க வேண்டும் என்பது நியாயமான கவலை. அதற்கு என் பதில், ஆண்டுவிழா ஒத்திகைக்கு நாம் விட்டுக்கொடுக்கும் வகுப்புகளை எண்ணிப் பாருங்கள் என்பதுதான். பொங்கல் விழாவுக்காக வாரக்கணக்கில் ஒரே நடனத்துக்குப் பிள்ளைகளை நிற்கவைக்கும் நமக்கு, ஒரு காலைப்பொழுதை ஒதுக்குவது முடியாத காரியம் இல்லை. பிள்ளைகளின் போக்குவரத்தும் பொறுப்பும் பற்றிய ஒப்புதல் படிவங்களைத் தயாரிப்பதில் உதவ நானும் இன்னும் சில பெற்றோரும் முன்வருகிறோம். பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. தினமும் விடியற்காலை முதல் அந்திவரை திறந்திருக்கும். பெரிய குழுவாக வருவதாக இருந்தால் அருங்காட்சியகத்துக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுவது முறை. அதையும் நாங்களே செய்துவிடுகிறோம்.

அடுத்த பொறுப்பாளர் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேச வேண்டும் என்றும், முதல் முயற்சியாக மூன்றாம், நான்காம் நிலை வகுப்புகளில் ஒன்றை வரும் பிப்ரவரியில் அழைத்துப்போக இசைவு தர வேண்டும் என்றும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன் ஆசிரியர்கள் யாராவது தனியாக ஒருமுறை போய் உட்கார்ந்துவிட்டு வருவது நல்லது. தடித்த மேல்சட்டை போட்டுக்கொள்ளுங்கள், உள்ளே குளிரும். ஒரு பெரிய வெள்ளை அட்டையையும் எடுத்துப்போங்கள், தரையில் விழும் படத்தை அதில் ஏந்திப் பார்த்தால் இன்னும் தெளிவாக இருக்கும்.

இப்படிக்கு,
கேரியிலிருந்து ஒரு பெற்றோர்